தனி அறிவும் மஷூராவும்



அல்லாஹுத் தஆலா நமக்கு அருளியுள்ள நிஃமத்துகளில் அக்ல் என்னும் பகுத்தறிவு தலையாயது. புத்தி பேதலித்தவர் மீது தொழுகையும் நோன்பும் கடமையில்லை என ஷரீஅத் விதித்திருப்பதிலிருந்தே அதன் மதிப்பை உணரலாம். ஆனால் எல்லா ஆற்றலும் ஒரே தலையில் குடியேறுவதில்லை. ஹதீஸ்களை நினைவில் காப்பதில் அபூஹுரைரா (ரலி) சிறந்தார்கள். குர்ஆனை விளங்குவதில் இப்னு அப்பாஸ் (ரலி) சிறந்தார்கள்.

நம் வீடுகளில் ஓதப்படும் குர்ஆன் ஷரீஃப் ஓரிடத்தில் திரட்டப்பட்ட வரலாற்றை எண்ணிப் பாருங்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வஃபாத்துக்குப் பின் நடந்த யமாமா போரில் குர்ஆனை மனனம் செய்திருந்த ஸஹாபாக்கள் பலர் ஷஹீதானார்கள். இப்படியே போனால் என்ன ஆகும் என்று முதலில் கவலைப்பட்டவர்கள் உமர் (ரலி). கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்களோ, நபிகளார் செய்யாததை நாம் எப்படிச் செய்வது எனத் தயங்கினார்கள். ஒருவரிடம் முன்னறியும் கூர்மை, மற்றவரிடம் எல்லை மீறாத நிதானம்! உமர் (ரலி) கோபித்துக்கொள்ளவில்லை. திரும்பத் திரும்ப எடுத்துரைத்தார்கள். கலீஃபாவின் நெஞ்சம் தெளிந்தது.

பிறகு அழைக்கப்பட்டவர் ஓர் இளைஞர். வஹீ எழுதிய ஸைத் இப்னு ஸாபித் (ரலி). அவர்களும் முதலில் தயங்கினார்கள். மலையைப் பெயர்ப்பதைவிடப் பாரமான பணியாக அது தோன்றிற்று. தமக்கே குர்ஆன் மனனமாக இருந்தும் தம் நினைவை மட்டும் அவர்கள் நம்பவில்லை. பேரீச்ச மட்டைகளிலும் வெண்கற்களிலும் மனிதர்களின் நெஞ்சங்களிலும் தேடினார்கள். தவ்பா அத்தியாயத்தின் இறுதி வசனங்கள் எழுத்தில் அபூகுஸைமா அன்ஸாரீ (ரலி) அவர்களிடம் கிடைத்தன. திரட்டிய ஏடுகள் பின்னர் அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களின் பாதுகாப்பில் இருந்தன. உஸ்மான் (ரலி) அவர்கள் பிரதிகள் எடுக்கப் பணித்தபோதும் ஸைத் (ரலி) அவர்களுடன் மூன்று குறைஷிகளைச் சேர்த்தே அமர்த்தினார்கள்.

நம் ஜமாஅத்துக் கூட்டங்களை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வெட்கமாக இருக்கிறது. முடிவை முன்பே கையில் வைத்துக்கொண்டு, 'உங்கள் அபிப்பிராயம் என்ன?' என்று கேட்பது மஷூரா ஆகுமா? மாற்றுக் கருத்துச் சொன்ன வாலிபனை அடுத்த கூட்டத்துக்கே அழைப்பதில்லை! வீட்டிலும் இதே கதைதான். மகளின் நிகாஹ் பேச்சு முடிந்து, தேதியும் குறித்த பிறகுதான் தாய்க்குச் செய்தி தெரிகிறது. அந்தப் பெண்ணிடம் கேட்டவர் எவரும் இல்லை. கன்னிப் பெண்ணிடமும் சம்மதம் கேட்க வேண்டும் என்பது நபிமொழி என்பதை நாம் அறியாதவர்களா?

உஹது போரின் துயரத்துக்குப் பின் அருளப்பட்ட ஆல இம்ரான் அத்தியாயத்தின் 159-வது வசனம், தோழர்களுடன் கலந்தாலோசிக்கும்படி நபிகளாருக்கே கட்டளையிடுகிறது. வஹீ வரும் நபிக்கே அந்தக் கட்டளை!

ஹிஜ்ரி 6-ல் ஹுதைபிய்யாவில் உடன்படிக்கை எழுதி முடிந்ததும், குர்பானி கொடுத்துத் தலைமுடி களையுமாறு நபிகளார் மும்முறை கூறினார்கள். உம்ரா செய்யாமல் திரும்பும் வேதனையில் எவரும் எழவில்லை. நபிகளார் கூடாரத்துக்குள் சென்று அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் கூறியபோது, யாரிடமும் பேசாமல் வெளியே சென்று தாங்களே முதலில் குர்பானி கொடுங்கள், நாவிதரை அழைத்து முடி களையுங்கள் என்று அன்னையார் ஆலோசனை சொன்னார்கள். நபிகளார் அப்படியே செய்தார்கள். கண்ட தோழர்கள் எல்லோரும் எழுந்து குர்பானி கொடுத்து, ஒருவருக்கொருவர் முடி களையத் தொடங்கினார்கள்.