புயல் பாதையில் இருப்பவருக்கு யார் கடன் கொடுப்பது?

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்ட தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. நெட்டை ரகக் கன்று நட்டால் காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டாகும். பேரிடரில் சிக்கியவர்களின் கடனை மாற்றியமைக்க ரிசர்வ் வங்கியின் விதி அப்போதும் இருந்தது. பயிர் பாதிக்கு மேல் அழிந்திருந்தால் பயிர்க்கடனை ஐந்து ஆண்டு வரை நீட்டிக்கலாம் என்றது அந்த விதி. தோப்பு போன்ற சொத்தே போயிருந்தாலும் மாற்றியமைத்த கடனின் காலம் பொதுவாக ஐந்து ஆண்டைத் தாண்டக் கூடாது என்றும் சொன்னது. நெல்லுக்கு இது போதும். தென்னைக்குப் போதாது, கன்று பாளை விடுவதற்குள் கடனை அடைத்து முடித்தாக வேண்டும்.

பருவநிலை மாற்றத்தின் இழப்பில் வங்கியின் பங்கு எவ்வளவு, கடன் வாங்கியவரின் பங்கு எவ்வளவு என்பது இதுவரை புயல் ஓய்ந்த பிறகு எழுந்த கேள்வி. இனி கடன் மனு மேலாளரின் மேசைக்கு வரும்போதே எழும். ரிசர்வ் வங்கி 2021-இல் மத்திய வங்கிகளின் பசுமை வலையமைப்பில் சேர்ந்தது. 2022 ஜூலையில் பருவநிலை அபாயம் குறித்து விவாத அறிக்கை வெளியிட்டது. 2024 பிப்ரவரியில், வங்கிகள் இந்த அபாயத்தை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என்று வரைவு நெறிமுறை கொண்டுவந்தது. அதே ஆண்டு அக்டோபரில், எந்த இடத்துக்கு என்ன ஆபத்து என்று வங்கிகள் கணக்கிட உதவும் தகவல் களஞ்சியம் ஒன்றையும் அறிவித்தது.

இந்த எச்சரிக்கையில் அறம் இருக்கிறது. வங்கி கடனாகக் கொடுப்பது ஓய்வூதியக்காரரும் பீடி சுற்றும் பெண்ணும் போட்டுவைத்த பணம். கடல் அரித்துக்கொண்டிருக்கும் கரையில் கட்டடத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு இருபது ஆண்டுக் கடன் தருவது, போட்டவர்களுக்கும் துரோகம், அங்கே வீடு வாங்குகிறவருக்கும் துரோகம். ஆபத்தை மறைத்துக் கொடுக்கும் மலிவான கடனைக் கருணை என்று சொல்ல முடியாது.

ஆனால் அபாயத்தை மட்டுமே அளவுகோலாக வைத்தால் கணக்கு எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று பார்க்க வேண்டும். இங்கிலாந்து வங்கியின் அப்போதைய ஆளுநர் மார்க் கார்னி 2015 செப்டம்பரில் லண்டன் லாயிட்ஸில் ஆற்றிய உரையில் இதன் வேரைத் தொட்டார். பணக்கொள்கை பார்க்கும் தூரம் இரண்டு மூன்று ஆண்டு. நிதி நிலைத்தன்மை பார்க்கும் தூரம் ஏறக்குறைய பத்தாண்டு. பருவநிலையின் பெருஞ்சேதமோ அதற்கு அப்பால் இருக்கிறது என்றார். அதைக் கடன் பேரேட்டில் வைத்துப் பாருங்கள். மின்சாரம் வாங்கிக்கொள்ள நீண்டகால ஒப்பந்தம் கையில் வைத்திருக்கும் நிலக்கரி மின்நிலையம், அதன் புகையால் உலகம் சூடேறும் முன்பே கடனை அடைத்துவிடும். வங்கிக்கு அது நல்ல கடன். அந்தச் சூட்டில் துளியும் பங்கில்லாத தென்னை விவசாயியும் நாட்டுப்படகு மீனவரும் ஆபத்து மிகுந்த கடன்தாரர்கள். பருவநிலை வங்கியை என்ன செய்யும் என்று மட்டும் கேட்கிற கணக்கு, வங்கி பருவநிலைக்கு என்ன செய்கிறது என்று கேட்பதே இல்லை. பாதிக்கப்பட்டவர் ‘அபாயம்’ என்ற பத்தியில் எழுதப்படுகிறார். விவேகமான விதி ஒன்று, யாரும் தீங்கு நினைக்காமலேயே, இப்படி அநீதியாக முடியும்.

கிளையில் இது எப்படி நடக்கும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. யாரும் ‘கடன் இல்லை’ என்று எழுதிக் கொடுக்க மாட்டார்கள். கூடுதல் ஜாமீன் கேட்பார்கள். வட்டி கால் சதவீதம் ஏறும். மனு மண்டல அலுவலகத்தில் தங்கிவிடும். அந்த வீட்டுப் பெண் தோட்டைக் கழற்றி அடகுக் கடைக்குப் போவாள். அடுத்தது மீட்டர் வட்டி.

‘இதெல்லாம் மத்திய வங்கியின் வேலையா?’ என்ற மறுப்பு ஒதுக்கித் தள்ளக் கூடியதல்ல. தாங்கள் பருவநிலைக் கொள்கை வகுப்பவர்கள் அல்லர் என்று அமெரிக்க ஃபெடரல் ரிசர்வின் தலைவர் ஜெரோம் பவல் 2023 ஜனவரியில் சொன்னார். 2025 ஜனவரியில் அந்த அமைப்பு பசுமை வலையமைப்பிலிருந்தே விலகியது. வாக்கு வாங்காத அதிகாரிகள் எந்தத் தொழில் வாழலாம் என்று முடிவு செய்யக் கூடாது என்ற கவலை நியாயமானது. ஆயினும் ஒதுங்கி நிற்பதும் ஒரு பக்கம் சாய்வதுதான். ஐரோப்பிய மத்திய வங்கி, சந்தையில் எந்த நிறுவனத்தின் கடன் பத்திரம் எவ்வளவு இருக்கிறதோ அந்த விகிதத்திலேயே வாங்கி வந்தது. புகை கக்கும் தொழில்கள்தான் அதிகம் பத்திரம் வெளியிடுகின்றன; ஆகவே நடுநிலை என்ற பெயரில் பொதுப்பணம் அவற்றின் பக்கமே கூடுதலாகப் போனது. 2022 அக்டோபரிலிருந்துதான் அந்த வங்கி தன் கொள்முதலைப் பசுமை நோக்கித் திருப்பத் தொடங்கியது.

இந்தியாவில் இந்த வழக்கு என்றோ தீர்ந்துவிட்டது. வங்கிகள் தம் கடனில் 40 சதவீதத்தை முன்னுரிமைத் துறைகளுக்குத் தந்தாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நீண்டநாள் விதி. ஆக, கடனின் திசையை அது தீர்மானிக்கலாமா என்று இங்கே கேட்பதில் பொருளில்லை. யாரை நோக்கி என்பதுதான் கேள்வி. அந்தப் பட்டியலில் புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்குத் தனித் தலைப்பு இருக்கிறது. 2025-இல் அதன் கடன் உச்சவரம்பு 35 கோடி ரூபாயாக உயர்ந்தது. வெள்ளத்தையும் வறட்சியையும் உப்பேறிய மண்ணையும் தாங்கி வாழ்வதற்கான செலவுக்குத் தனித் தலைப்பு இல்லை. சூரியத் தகடு மின்சாரம் விற்று வட்டி கட்டும். அலையாத்திக் காடும் தூர்வாரிய வாய்க்காலும் யாருக்கும் பில் அனுப்புவதில்லை. பசுமை நிதி தானாக ஓடும் பக்கம் எது என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது. 2023 ஜனவரியில் 8,000 கோடி ரூபாய்க்கு முதல் பசுமைப் பத்திரங்களை விற்ற மத்திய அரசு, சந்தையே செய்யாத இந்த வேலைகளுக்கு அந்தப் பணத்தில் அதிகப் பங்கு ஒதுக்கியிருந்தால் அந்தப் பெயருக்கு இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும்.

இழப்பு முழுவதையும் வங்கியின் தலையில் கட்டுவதும் தவறு; அது மறுபடி வைப்பாளரின் தலையில்தான் இறங்கும். ஓர் ஊர் இருக்கும் இடத்திலேயே வாழ்வதா, பெயர்வதா என்ற முடிவும் ரிசர்வ் வங்கிக்கு உரியதல்ல. அது ஊராரோடு பேசி, சட்டமன்றத்தில் விவாதித்து, இழப்பீட்டுக்குப் பணம் ஒதுக்கி அரசு எடுக்க வேண்டிய முடிவு. கடன் மெல்ல மெல்ல வற்றினால், விவாதமோ இழப்பீடோ இல்லாமல் அதே முடிவு வந்து சேர்ந்துவிடும். அதைத் தடுக்கும் அதிகாரம் ரிசர்வ் வங்கியிடம் இருக்கிறது. மாற்றியமைத்த கடனின் காலத்தை அந்தப் பயிர் பலன் தரும் காலத்தோடு இணைக்கலாம். ஆபத்துப் பகுதியின் சிறு கடன்களுக்கு இழப்பைப் பகிரும் உத்தரவாத நிதியை மத்திய, மாநில அரசுகளோடு சேர்ந்து அமைக்கலாம். வங்கிகள் தமக்கு வரக்கூடிய அபாயத்தை வெளியிடுமாறு சொல்லும் அதே நெறிமுறையில், எந்த வட்டாரத்தில் விவசாய, மீன்பிடிக் கடன் எவ்வளவு குறைந்தது என்பதையும் ஆண்டுதோறும் வெளியிடச் சொல்லலாம். இதற்குப் புதிய அலுவலகம் எதுவும் வேண்டாம். முன்னோடி வங்கித் திட்டத்தின் கீழ் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் வங்கியாளர் கூட்டம் நடக்கிறது. கடன் இலக்கு எவ்வளவு எட்டியது என்று அங்கே வாசிக்கிறார்கள். புயல் பாதையில் உள்ள வட்டாரங்களின் கணக்கைத் தனியே அந்தக் கூட்டத்தில் வைத்தால் போதும், கடன் ஏன் குறைந்தது என்று கேட்க ஆட்சியருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் கையில் எண் இருக்கும்.