கம்பளியும் கொல்லாமையும்

“ஆட்டைக் கொல்லாமல் பெறுவது கம்பளி, அதில் ஹிம்சை ஏது?” என்று நம் இல்லத்து இளைஞர் வினவுவதுண்டு. நேர்மையான வினா. ஆயின், கொலை நிகழாமை மட்டுமே கொல்லாமை ஆகிவிடுமா?

கம்பளியின் பயன் பெரிது. தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சியும் நனைந்ததாகத் தோன்றாது, எளிதில் தீப்பற்றாது. போர்வை, கம்பளம் முதலாகப் பியானோவின் சுத்தியல் உறை வரை அது பயன்படுகிறது. அதனைக் கழுவும்போது கிடைக்கும் லனோலின் என்னும் மெழுகு களிம்புகளில் சேர்கிறது. வைட்டமின் டி3 மாத்திரைகள் பெரும்பாலானவற்றுக்கும் அதுவே மூலம். எனவே, கம்பளி உடுத்தாதோரும் அதன் தொடர்பினின்று நீங்கியவர் அல்லர்.

இனி, அது வரும் வழியை நோக்குவோம். மயிற்பீலி தானே உதிர்வது; ஆதலின் நம் முனிவர் கையில் பிஞ்சியாகிறது. கம்பளியோ கத்தரித்துப் பெறப்படுவது. ஆஸ்திரேலியாவில், ஈப்புழு பற்றாதிருக்க, மெரினோ ஆட்டுக்குட்டிகளின் பின்புறத் தோலை அறுத்து நீக்கும் வழக்கம் உண்டு. நியூசிலாந்து இதனை 2018-இல் தடை செய்தது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றும் வினைக்கு வாயில் எனக் கற்றோம். வாங்குவோர் கையில் கத்தி இல்லை. ஆயின் உடன்பாடும் இல்லை என்று கூற இயலுமோ?

இதற்கு ஒரு மாற்று உண்டு. 1813-இல் இங்கிலாந்தின் பாட்லி நகரில் பெஞ்சமின் லா என்பவர் கம்பளிக் கந்தலைப் பிய்த்து, புதுக் கம்பளியுடன் கலந்து நூற்கும் முறையைக் கண்டார். இன்று அரியானாவின் பானிப்பட்டில், அயல்நாட்டார் கழித்த கம்பளி உடைகள் பொத்தான் நீக்கி, நிறவாரியாகப் பிரித்து, பிய்த்து, மீண்டும் நூலாகி, மலிவான போர்வைகளாகின்றன. நிறம் பிரித்து நூற்பதால் சாயத்தின் தேவையும் குறைகிறது. பழங்கம்பளி சேருமளவுக்குப் புதிய கம்பளி வேண்டுவதில்லை.

ஆயினும் இதுவும் மாசற்றதன்று. கந்தலைப் பிய்க்குங்கால் எழும் துகளைத் தொழிலாளர் சுவாசிக்கின்றனர். ஆட்டின் நோவுக்கு இரங்கி, மனிதரின் மூச்சை மறப்பது கருணை ஆகாது.

ஆகவே, எந்தக் கம்பளியை வாங்கலாம் என்பதற்கு முன், வாங்கத்தான் வேண்டுமா என்று கேட்பதே இல்லறத்தார்க்கு அழகு. இருப்பதை அந்துப்பூச்சி அணுகாமல் வெயிலில் உலர்த்திக் காப்போம்; கிழிந்ததைத் தைப்போம்; மிகுதியானதை, நைந்துபோகுமுன், குளிரில் உறங்குவோர்க்கு வழங்குவோம். மிகுபொருள் விரும்பாமையே கொல்லாமைக்கு வேலி. வேலியின்றிப் பயிர் நில்லாது என்பதை நம் உழவர் குடும்பங்களுக்கு எடுத்துரைக்கவும் வேண்டுமோ?