தலைமடைக்காரன் கடமை



மழைக்காலம் வந்தால் விருப்பாச்சிக்கு அருகேயுள்ள தலையூத்து அருவிக்கு நம்மில் பலர் பிள்ளைகுட்டிகளுடன் போய் வருகிறோம். குளிக்கிறோம், கட்டுச்சோறு பிரித்து உண்கிறோம், மகிழ்ந்து திரும்புகிறோம். நல்லதே. ஆனால் அந்தத் தண்ணீர் யாருடையது என்று சிந்தித்ததுண்டா?

அது வரும் வழியைப் பாருங்கள். பழனி மலையில் பிறக்கும் நங்காஞ்சி ஆறு முதலில் பரப்பலாறு அணையில் தங்குகிறது. ஒட்டன்சத்திரத்து வீடுகளுக்கு அங்கிருந்து குடிநீர் வருகிறது. பின் தலையூத்தில் பாறைமேல் விழுந்து, விருப்பாச்சியைக் கடந்து, இடையகோட்டைப் பக்கம் போய், அமராவதியில் கலந்து, அதன் வழியே காவிரியையும் சேருகிறது. நாம் சோப்புப் போட்டுக் குளித்த இடத்துக்குக் கீழே ஒரு குடியானவன் தன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறான்.

"என் நிலம், என் கிணறு, என் மோட்டார், எவ்வளவு இறைத்தால் யாருக்கென்ன?" என்பார் சிலர். இந்த நியாயம் செல்லுமா? நிலத்துக்குப் பட்டா உண்டு. நிலத்தடி ஊற்றுக்கு வரப்பு இல்லை. ஒருவன் ஆழ்துளைக் கிணற்றை மேலும் மேலும் இறக்கினால், பக்கத்து ஏழையின் கிணறு வற்றுகிறது. 13-ஆம் நூற்றாண்டில் அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் இதைத் தெளிவாக்கினார்: பொருளைச் சொந்தமாய் வைத்துப் பராமரிப்பது மனிதனுக்குத் தகும்; ஆயினும் அதை அனுபவிக்கையில் பொதுப்பொருளாகவே எண்ணி, தேவையுள்ளவனோடு பகிர வேண்டும்.

தலைமடையில் நிலம் அமைந்தது நம் சாமர்த்தியத்தால் அல்ல. மேட்டில் இருப்பது உரிமையைக் கூட்டாது, பொறுப்பையே கூட்டும். கடைமடைக்காரன் யாரென்று தெரியாது என்பதும் சாக்கு ஆகாது. 1772-ல் சிவகங்கைச் சீமையை இழந்த வேலு நாச்சியாருக்கு இதே விருப்பாச்சியில்தான் பாளையக்காரர் கோபால நாயக்கர் அடைக்கலம் கொடுத்தார். வேற்றுச் சீமைக்காரர் நமக்கென்ன என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை.

ஆதலால் பெற்றோரே, அடுத்த முறை அருவிக்குப் போகையில், "இந்தத் தண்ணீர் இனி எங்கே போகும்?" என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். சோப்பையும் பிளாஸ்டிக் பையையும் வீட்டிலேயே வைத்துச் செல்லுங்கள். தோட்டத்தில் பாத்தி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்துங்கள். நமக்கும் மேலே மலைக் கிராமத்தார் இருக்கிறார்கள். அவர்கள் அழுக்காக்காமல் விட்டதைத்தான் நாம் குடிக்கிறோம். அவர்களுக்கு நாம் கடைமடை என்பதை மறவாதிருப்போமாக.

உங்கள் பங்குக்குரு