வெட்கம் வேறு, நாணம் வேறு



அன்புக்கொடி மக்களே, வெட்கம், நாணம் இரண்டையும் ஒன்றாகவே பேசி வருகிறோம். திருக்குறளின் 102-ஆம் அதிகாரம் நாணுடைமை. பெண்களின் கூச்சம் வேறு, தகாத செயலுக்கு நாணுவது வேறு என்று அதன் முதல் குறளே பிரித்துச் சொல்கிறது.

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போய்வரும் தாய்மார் சிலர், வேலைச்சேலையோடு நிழல் தாங்கலுக்கு வர வெட்கப்படுகிறார்கள். ஏழையின் கூலியைக் குறைத்துக் கொடுத்தவர் கூசாமல் முன்னால் வந்து நிற்கலாம். இதில் நாண வேண்டியவர் யார்?

அன்றைய திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட ஆண்கள் தலைப்பாகை கட்டவும், பெண்கள் தோள்சீலை போடவும் தடை இருந்தது. தடை போட்டவர்கள் நாணவில்லை, தடைபட்டவர்களே தலைகுனிந்தார்கள். தோள்சீலைக்கு அரசாணை வந்தது 1859-இல். 1851-இல் வைகுண்டம் ஏகிய அய்யாவோ, அதற்கு முன்பே தம் மக்களைத் தலைப்பாகையோடு கண்ணாடி முன் நிற்க வைத்தார்.

அந்தக் கண்ணாடியில் அடுத்தவர் பார்வை இல்லை, நம் முகம்தான் இருக்கிறது. வெட்கம் பிறர் பார்வைக்குப் பயப்படுவது. நாணம் நம் மனசாட்சிக்குப் பயப்படுவது. அழுக்குச் சேலைக்கு வெட்கம் வேண்டாம். அடுத்தவர் உழைப்பை வஞ்சிக்க நாணுவோம்.

அய்யா துணை.