இடக்கரடக்கலும் குழந்தையும்

சென்ற ஆண்டு காரைக்குடியில், நமக்கு நெருங்கிய இல்லமொன்றில், நான்கு வயதுச் சிறுமி வயிறு வலிக்கிறதென்று இரண்டு நாட்கள் அழுதாள். ஆயா ஓமநீர் கொடுத்தார். வெந்தயம் விழுங்கச் செய்தார். மூன்றாம் நாள் மருத்துவர் பக்குவமாக வினவிய பின்னரே, வலி வயிற்றில் அன்று, சிறுநீர் கழிக்குமிடத்தில் என்பது தெரிந்தது. சிறுநீர்த் தொற்று. முன்பே ஏன் சொல்லவில்லை என்றதற்கு அவள் சொன்னாள்: "அதுக்குப் பேரு 'சீ'. 'சீ' வலிக்குதுன்னா ஆயா வாயில அடிப்பாங்க."

கண், காது, மூக்கு, முழங்கால் என்று வரிசையாகத் தொட்டுக் காட்டிப் பெயர் சொல்லித் தருபவர்கள் நாமே. அவ்விடம் வந்ததும் 'சீ' என்று முகஞ்சுளித்து அடுத்த உறுப்புக்குத் தாவி விடுபவர்களும் நாமே.

இதனை இடக்கரடக்கல் என்று கூறி நியாயம் தேடுவாருண்டு. நன்னூல் யாத்த பவணந்தி முனிவர் நம் சமயத்தவர். தகுதி வழக்கு மூன்றனுள் இடக்கரடக்கலையும் ஒன்றாக வைத்தவர். 'கால் கழுவி வந்தேன்' என்பது அதற்குப் பழகிய எடுத்துக்காட்டு. மறைக்கப்பட்ட சொல் பேசுவோர், கேட்போர் இருவர்க்கும் தெரிந்திருப்பதனாலன்றோ அவ்வழக்குச் செல்லுபடியாகிறது? குழந்தையிடமோ அடக்குவதற்குச் சொல்லே இல்லை. சில வீடுகளில் செல்லப்பெயர் ஒன்று வழங்கும். அது இடக்கரடக்கலாகாது, பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது போன்ற குழூஉக்குறி. வாசற்படி தாண்டினால் எவர்க்கும் விளங்காது.

சூடாமணி நிகண்டு செய்த மண்டல புருடரும் சமணரே. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மனனம் செய்த நிகண்டுகளில் உடலுறுப்புகளின் பெயர்களும் அடக்கம். அது கிடக்கட்டும், ஆடையின்றி நிற்கும் தீர்த்தங்கரர் திருவுருவின் முன் நம் குழந்தைகளைக் கூச்சமின்றி நிறுத்துகிறோமே! அங்கே இல்லாத நாணம் குளியலறையில் எங்கிருந்து வந்தது? நம் பாட்டியர் பெண்குழந்தையின் இடையில் வெள்ளியில் அரைமூடி கட்டினர். மூடிக்குப் பெயர் இருந்தது.

தொற்றுக்கேனும் மருந்துண்டு. அதனினும் கொடிய துன்பம் வேறுண்டு. 2007-ஆம் ஆண்டு மத்திய அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் வெளியிட்ட ஆய்வுக்காக 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகள் வினவப்பட்டனர். (தமிழகம் அவற்றுள் இல்லை என்று ஆறுதல் கொள்ள வேண்டா.) 53.22 விழுக்காட்டினர் ஏதேனும் ஒருவகைப் பாலியல் கொடுமைக்கு உள்ளாகியிருந்தனர். பெரும்பாலோர் எவரிடமும் கூறவில்லை. கொடுமை செய்தோரில் பாதியளவினர் குழந்தை அறிந்தவர்கள், நம்பியவர்கள். 2012-இல் இயற்றப்பட்ட போக்சோ சட்டம் உறுப்புகளை அவற்றின் பெயராலேயே குறிக்கிறது. 'எங்கே தொட்டார்?' என்று காவலரும் நீதிபதியும் கேட்டே ஆகவேண்டும். 'சீ' என்று மட்டும் அறிந்த குழந்தை அங்கே என்ன விடை கூறும்? அடிக்கு அஞ்சி அதனையும் விழுங்கிவிடும்.

எச்சொல்லைக் கற்பிப்பது என்பது மெய்யாகவே இடர்ப்பாடுதான். தெருவில் வழங்குவன வசைச்சொற்களாகிவிட்டன. ஆண்குறி, பெண்குறி, ஆசனவாய் என்பன பாடநூலின் வாடை வீசுவன. தமிழ்த்தாய்க்குக் கோயிலெடுத்த காரைக்குடியிலேயே தமிழ்ச்சொல் நாக்கில் கூசுகிறது. ஆங்கிலச் சொல்லைச் சொல்லிக் கொடுத்து நிம்மதி கொள்ளும் பெற்றோரை நாம் கண்டிருக்கிறோம். ஒன்றுமில்லாமைக்கு அதுவும் மேலே. ஆயினும் பாடநூற்சொல்லே போதும் என்பது நம் துணிபு. 'முழங்கை'யும் மழலை வாய்க்கு ஒருநாள் புதிதாகத்தானே இருந்தது? மூன்று வயதில், குளிப்பாட்டுகையில், முழங்கையைச் சொன்ன அதே குரலில் சொல்லுதல் வேண்டும். குரல் தாழ்ந்தால் அச்சொல்லும் 'சீ' ஆகிவிடும். பலர் நடுவில் கூறலாகாது என்னும் முறைமையைப் பின்னர் ஐந்தாறு வயதில் கற்பிக்கலாம். பவணந்தியார் அப்போது துணைக்கு வருவார்.

அச்சிறுமி இப்போது பெயரைக் கற்றுக்கொண்டாள். சென்ற மாதம் விருந்தினர் நிறைந்திருந்த வளவில் நின்று உரக்கச் சொன்னாளாம். ஆயா கையை ஓங்கினாராம், பிறகு தாழ்த்திக்கொண்டு, "வலிக்குதா ஆத்தா?" என்று கேட்டாராம்.