எட்டடி தூரம்

காமிராவுக்கு என்ன லென்ஸ் வாங்கலாம் என்பது கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி. கதை எழுதிப் பிழைக்கிறவனிடம் கேட்டால், மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்ற கேள்வியாக அவன் அதை மாற்றிவிடுவான். தொழில் தோஷம்! ஆனாலும் இரண்டும் ஒரே கேள்விதானோ என்று எனக்குச் சில நாட்களாகவே தோன்றிக்கொண்டிருக்கிறது.

விஷயத்துக்கு வருமுன் லென்ஸைப் பற்றி இரண்டு வார்த்தை. தெரிந்தவர்கள் இந்தப் பாராவைத் தாண்டிப் போய்விடலாம். லென்ஸில் இரண்டு ஜாதி. நின்ற இடத்தில் நின்றபடியே, வளையத்தைத் திருகி, தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்கிற ஜாதி ஒன்று; அதற்கு ஜூம் என்று பெயர். இழுக்கவும் மாட்டேன், தள்ளவும் மாட்டேன், எனக்கு ஒரே குவிய தூரம்தான் என்று பிடிவாதமாக இருக்கிற ஜாதி மற்றொன்று. அதை பிரைம் என்கிறார்கள். இந்தப் பிடிவாதக்காரர்களில் வெளிச்சம் நுழையும் துவாரம் அகலமாகத் திறக்கிறவர்களுக்கு 'வேகமான லென்ஸ்' என்று பட்டம். துவாரத்தின் அளவைச் சொல்லும் எண் விசித்திரமானது. எண் குறையக் குறையத் துவாரம் பெரிதாகும். காமிராவோடு சேர்த்துக் கொடுக்கிற சாதாரண ஜூம், நீட்டிய நிலையில் 5.6 வரைதான் திறக்கும். 1.8 வரை திறக்கிற லென்ஸ் அதைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். பத்தில் ஒரு பங்கு நேரத்தில் படத்தை முடித்துவிடும். வேகம் என்பது இதுதான்.

தென்காசியிலும் குற்றாலத்திலும் இந்த வேகத்தை ஆடம்பரம் என்று சொல்ல முடியாது. ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் மேற்கே மலைமுகடு மேகத்துக்குள் போய்விடும். பகல் இரண்டு மணிக்கே மாலை ஆறு மணி போல ஒரு சாம்பல் வெளிச்சம். வெயிலும் இல்லை, மழை என்றும் சொல்வதற்கில்லை. சாரல் மட்டும் முகத்தில் வந்து வந்து படியும். கடைவீதியில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிந்திருக்கும். கிண்ணத்தில் எண்ணெயும் தோளில் துண்டுமாக, வருகிறவர்களின் முதுகை எடை போட்டபடி, எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அந்த வெளிச்சத்தில் சாதாரண ஜூமைக் கொண்டு எடுத்தால், தேய்க்கிற கை கையாக இராது, புகையாக இருக்கும். ஆகவே வேகமான லென்ஸ்தான் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சந்தேகமெல்லாம் குவிய தூரத்தில்தான்.

தென்காசியில் என் அக்கா மகன் ஒருவன் இருக்கிறான். சம்பளம் வாங்க ஆரம்பித்து ஆறு மாதம் ஆகிறது, காமிரா வாங்கிவிட்டான், இப்போது லென்ஸ் பித்துப் பிடித்திருக்கிறது. "மாமா, முப்பத்தஞ்சு வாங்கட்டுமா, அம்பது வாங்கட்டுமா? இல்ல, எழுபது முந்நூறு ஜூமே வாங்கிரட்டுமா? அதுன்னா ஐந்தருவியில தூரத்துல நின்னுக்கிட்டே எடுத்துரலாம். யாருக்கும் தெரியாது" என்றான்.

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பையன் சங்கோஜி. அறிமுகமில்லாதவரிடம் மணி கேட்பதற்கே மூன்று தெரு யோசிக்கிறவன். ஜூம் லென்ஸ் இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு வரப்பிரசாதம். பேசாமல், அருகே போகாமல், முகத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். ஆனால் 'யாருக்கும் தெரியாது' என்ற அந்த இரண்டு வார்த்தை எனக்குள் எங்கோ உறுத்திற்று.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். கல்லூரியில் இண்டர்மீடியட்டோடு நின்றுவிட்டவன் என்றாலும், இந்த அளவு கணக்கு எனக்கு வரும். பழைய பிலிம் அளவுள்ள காமிராவை நெட்டுக்குத்தாகப் பிடித்து, ஓர் ஆளை உச்சி முதல் பாதம் வரை எடுப்பதாக வைத்துக்கொள்வோம். 35 மில்லிமீட்டர் லென்ஸுக்கு ஆறடி தூரத்தில் நிற்க வேண்டும். 50க்கு எட்டடி. 85க்குப் பதினான்கடி. 300க்கு ஐம்பதடி. ஆறடி என்பது திண்ணையில் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிற தூரம். எட்டடி என்பது வாசலில் நின்று 'ஐயா இருக்காங்களா?' என்று கேட்கிற தூரம். பதினான்கடியில் குரலைச் சற்று உயர்த்த வேண்டும். ஐம்பதடியில் பேச்சே கிடையாது. அந்த மனிதருக்கு நாம் இருப்பதே தெரியாது. லென்ஸ் விற்கிறவர்கள் மில்லிமீட்டரில் சொல்வதை நான் இப்படித்தான் மொழிபெயர்த்துக்கொள்கிறேன்.

ஒரே குவிய தூரத்தில் தொல்லைகளும் உண்டு. தென்காசிக் கோயில் கோபுரம் சுமார் 180 அடி. 1924இல் தீக்கிரையாகிப் பல ஆண்டுகள் மொட்டையாக நின்று, மறுபடி எழுப்பப்பட்டு 1990இல் கும்பாபிஷேகம் கண்ட கோபுரம் அது. அதை முழுதாக 50க்குள் அடைக்க வேண்டுமானால் 250 அடி பின்னால் போயாக வேண்டும். கோபுரத்தைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்தால் என்ன ஆகும் என்பதைத் தென்காசிக் கடைத்தெருவைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டோக்காரர்கள் சொல்லுவார்கள். கோபுரம் பொறுத்துக்கொள்ளும், அதற்கு எந்த லென்ஸானாலும் ஒன்றுதான். மனிதர்கள் விஷயம் வேறு.

குற்றாலத்தில் அது இன்னும் வேறு. உலகத்தில் மனிதர்கள் தங்கள் அந்தஸ்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நிற்கிற இடங்கள் மிகக் குறைவு. பேரருவியின் அடியில் தாசில்தாரும் தலைச்சுமைக்காரரும் ஒரே மாதிரி நடுங்குகிறார்கள். ஒரே மாதிரி கத்துகிறார்கள். பெண்கள் குளிக்கத் தனியிடம் இருந்தாலும், நனைந்த புடவையோடு ஈரம் சொட்ட வெளியே நடந்து வருவது எல்லோர் கண்ணிலும்தான் படுகிறது. யாரும் அதைப் பெரிதாக எண்ணுவதில்லை. ஏன்? பார்க்கிறவனும் நனைந்திருக்கிறான் என்பதனால். அவனுடைய வேட்டியும் உடம்போடு ஒட்டியிருக்கிறது. அவன் தலையிலும் எண்ணெய் வழிகிறது. ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்கிற இந்தச் சலுகைக்குப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போடுவதில்லை. ஆனால் அது உண்மையான உடன்படிக்கை. ஐம்பதடிக்கு அப்பால், உலர்ந்த சட்டையோடு பாலத்தின் மேல் நின்று ஜூமை நீட்டுகிறவன் அந்த உடன்படிக்கையில் சேராதவன். அவன் கண்ணில் பட்டது மட்டுமல்ல, அதை வீட்டுக்கும் கொண்டு போகிறான். பிறகு அது எத்தனை வீட்டுக்குப் போகும் என்பது அவனுக்கே தெரியாது.

'பொது இடத்துக்கு வந்தவர்களைப் பார்ப்பதில் என்ன குற்றம்?' என்று கேட்பவர்கள் உண்டு. பார்ப்பதில் குற்றமில்லை. பார்ப்பவனை அவர்களும் பார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. திரும்பினால் நம் முகம் தெரிய வேண்டும். முறைக்க வேண்டுமென்றால் முறைக்க ஆள் வேண்டும். 'வேண்டாம்' என்று கையசைத்தால் அது நம் கண்ணில் பட வேண்டும். எட்டடியில் இதெல்லாம் நடக்கும்.

என் கட்சிக்கு எதிராக மிகப் பெரிய சாட்சி ஒருவர் இருக்கிறார். பிரெஞ்சுக்காரர் ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன். பெரும்பாலும் ஒரே ஒரு 50 மில்லிமீட்டர் லென்ஸை வைத்துக்கொண்டு உலகத்தைச் சுற்றியவர். ரமண மகரிஷி சமாதியடைந்த 1950 ஏப்ரல் 14ஆம் தேதி அவர் திருவண்ணாமலையில் இருந்தார். அந்த நாட்களின் ஆசிரமத்தை அவருடைய படங்களில் இன்றும் காணலாம். அவர் யாரிடமும் போய் 'எடுக்கலாமா?' என்று கேட்டுக்கொண்டிருந்தவரல்லர். காமிராவின் பளபளப்பு யார் கண்ணையும் இழுத்துவிடக் கூடாதென்று கறுப்பு நாடாவை ஒட்டி மறைத்தவர். 1952இல் வெளிவந்த அவருடைய புகழ்பெற்ற புத்தகத்தின் பிரெஞ்சுத் தலைப்புக்கே 'கள்ளத்தனமாக, அவசரமாக எடுத்த படங்கள்' என்பது போன்ற பொருள். ஆக, அருகில் நிற்பது அனுமதி பெற்றதாகிவிடாது. கிட்டத்திலும் திருடலாம்.

ஒப்புக்கொள்கிறேன். கேட்டுவிட்டு எடுத்தால் முகம் போய்விடுகிறது, போட்டோ முகம் வந்துவிடுகிறது என்பதும் உண்மை. கதைக்காரன் மட்டும் யோக்கியனா என்றும் கேட்கலாம். செங்கோட்டை ரயிலில் எதிர் ஆசனத்து அம்மாள் மருமகளைப் பற்றிச் சொன்னதை நான் கேட்டுக்கொண்டு வருகிறேன், அனுமதியா கேட்கிறேன்? ஆனால் நான் அந்த அம்மாளுக்கு வேறு பெயர் வைத்து, வேறு ஊரில் குடியேற்றி, மூக்குத்தியையும் மாற்றிவிடுகிறேன். புகைப்படத்துக்கு இந்தப் புனைபெயர் வசதி கிடையாது. பிரெஸ்ஸோன் விஷயத்தில் எனக்குச் சமாதானம் ஒன்றே ஒன்றுதான்: அந்த மனிதர் கூட்டத்துக்குள் நின்றார். யாராவது திரும்பியிருந்தால் அவரைப் பிடித்திருக்கலாம். அந்த ஆபத்தை அவர் ஏற்றுக்கொண்டார். ஐம்பதடிக்காரன் ஏற்றுக்கொள்வதில்லை.

எட்டடி விதி எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்றும் நான் சொல்ல மாட்டேன். 2024 மே 17ஆம் தேதி பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து, திருநெல்வேலிச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். படிகளில் ஜனங்கள் அலறி ஓடியதை யாரோ கைபேசியில் எடுத்தார்கள். அந்தக் காட்சியைப் பார்த்தபிறகுதான், அருவி சில விநாடிகளில் எப்படி மாறும் என்பது வெளியூர்க்காரர்கள் பலருக்குப் புரிந்தது. அங்கே யாரிடம் அனுமதி கேட்பது? அந்தப் படம் சாட்சி. சாட்சிக்குத் தூர விதி கிடையாது. என் மருமகன் கேட்டதோ சாட்சி சொல்ல அல்ல, அன்றாடம் எடுத்துப் பழக.

இனி அகலத் துவாரத்தின் இன்னொரு குணம். கண்டதைப் பற்றிக்கொண்டு மற்றதையெல்லாம் கரைத்துவிடும். 50 மில்லிமீட்டரை 1.8க்குத் திறந்து ஆறடியில் எடுத்தால், தெளிவாக விழுகிற ஆழம் 15 சென்டிமீட்டர்கூட இல்லை. 1.2க்குத் திறந்து மூன்றடியில் எடுத்தால் ஏறக்குறைய ஓர் அங்குலம். கண் தெளியும், காது கரைந்துவிடும். இந்த மயக்கத்துக்காகப் பெரும் பணம் கொடுக்கிறார்கள், சுமக்கவும் சுமக்கிறார்கள். கேனன் கம்பெனியின் 1.8 லென்ஸ் 160 கிராம். அதே கம்பெனியின் 1.2 லென்ஸ் 950 கிராம். சினிமாவில் ஸ்டான்லி குப்ரிக் என்பவர் 1975இல் வெளிவந்த 'பாரி லிண்டன்' படத்துக்காக, விண்வெளி ஆராய்ச்சிக்கென்று செய்த 0.7 லென்ஸைக் கொண்டு மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே எடுத்தார். அழகுதான். நடிகர்கள் தலையை அசைக்கப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

தென்காசிக்குப் பக்கத்தில் சுந்தரபாண்டியபுரம் இருக்கிறது. 'ரோஜா'வும் 'அந்நியன்' படமும் அந்த ஊரைத் தமிழ்நாடு முழுவதற்கும் காட்டிவிட்டன. சூரியகாந்தி பூக்கிற பருவத்தில் ஜனங்கள் வண்டி வண்டியாக வந்து வயலுக்குள் இறங்கிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். புதுமணத் தம்பதி முன்னால். பின்னால் மஞ்சள் மஞ்சளாகக் கரைந்த வட்டங்கள். அந்த வட்டங்களில் ஒன்று, வரப்பில் நின்று 'செடியை மிதிக்காதீங்கய்யா' என்று சொல்லிக்கொண்டிருக்கிற சம்சாரியின் தலைப்பாகையாக இருக்கலாம். படத்தைப் பார்த்தால் தெரியாது. அது எந்த ஊர் என்பதும் தெரியாது.

இதனால் நான் அகலத் துவாரத்துக்கு விரோதி என்று நினைத்துவிடக் கூடாது. வெளிச்சம் இல்லாதபோது திறக்கட்டும். இருக்கும்போது 4 வரை மூடட்டும் என்கிறேன். எட்டடியில் 4க்கு மூடினால் ஏறக்குறைய இரண்டடி ஆழம் கிடைக்கும். ஒரு மனிதரும், அவர் கையிலிருக்கும் கிண்ணமும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் பாதியும் அதற்குள் அடங்கும். அந்தப் பாதி ஆளை விட்டுவிட எனக்கு மனமில்லை.

மருமகனுடைய காமிராவின் சென்சார் பிலிமைவிடச் சிறிது. அதில் 35தான் 50இன் வேலையைச் செய்யும். ஆகவே "35, துவாரம் 1.8" என்று எழுதி அனுப்பினேன். "கடைக்காரரும் இதத்தான் சொன்னாரு மாமா, ரெண்டே நிமிஷத்துல" என்று பதில் வந்தது.

முதல் நாள் சாயங்காலம் போய், எட்டடியில் நின்று, கூச்சப்பட்டு, ஒன்றும் எடுக்காமல் திரும்பியிருக்கிறான். இரண்டாம் முறை, எண்ணெய் தேய்த்துவிடுகிற பெரியவர் ஒருவரிடம் காமிராவைக் காட்டிச் சைகையால் கேட்டிருக்கிறான். அருவி இரைச்சலில் வாயால் கேட்டுப் பயனில்லை. அவர் உடனே துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, தலையைக் கையால் படிய வைத்து, விறைப்பாக உட்கார்ந்துவிட்டாராம். பையனுக்கு ஏமாற்றம். அதையும் எடுத்துவிட்டு, போகாமல் அங்கேயே நின்றிருக்கிறான். அரை மணி கழித்து ஒரு தடித்த முதுகு வந்தது. பெரியவர் இவனை மறந்தார்.

அந்தப் படத்தை எனக்கு அனுப்பியிருந்தான். எண்ணெய் மின்னும் விரல்கள் தெளிவாக விழுந்திருக்கின்றன. இடது ஓரத்தில் அடுத்த ஆளின் முழங்கை ஒன்று காரணமில்லாமல் நீட்டிக்கொண்டிருக்கிறது. "முழங்கைய வெட்டிரட்டுமா மாமா?" என்று கேட்டான். "ஏல, அது இருக்கட்டும்" என்றேன். பெரியவர் கேட்டது அந்தப் படத்தையல்ல, விறைப்பாக உட்கார்ந்ததைத்தான். ஒரு பிரதி வேண்டுமாம், வீட்டில் மாட்ட. சீசன் முடிந்தால் அவர் ஊருக்குப் போய்விடுவார். அதற்குள் அச்சுப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.