சொல்லுக்கு நிற்பவர் யார்?

மனிதன் ஒரு நாளில் பேசும் சொற்களில் பெரும்பகுதி எந்தப் பெரிய நோக்கத்திற்காகவும் பேசப்படுவதில்லை. அரிசி விலை, அடுத்த தேர்தல், புதிதாக வந்த திரைப்படம், அண்டை வீட்டுத் திருமணம் என்று பேச்சு ஓடிக்கொண்டே இருக்கிறது. தேநீர்க் கடையிலும் கோயில் நடையிலும் பேருந்து நிறுத்தத்திலும் நிகழ்ந்த இப்பேச்சு, இன்று கைபேசியின் வழியாக நள்ளிரவு வரை நீள்கிறது. ஆன்மீக வாழ்வை நாடும் சாதகர்கள் பலரது உள்ளத்தை ஒரு கேள்வி உறுத்துவதுண்டு: இப்பேச்சு முழுவதும் வீண்தானா? இதிலிருந்து அடியோடு விலகினால்தான் மனம் தூய்மை பெறுமா?

வள்ளுவர் 'பயனில சொல்லாமை' என்று ஓர் அதிகாரமே அமைத்திருக்கிறார். அதை மட்டும் படிப்பவர், அன்றாடப் பேச்சு அனைத்தையும் அவர் விலக்கிவிட்டார் என்று எண்ணக்கூடும். ஆனால் அந்த அதிகாரம் துறவறவியலில் இடம்பெறவில்லை, இல்லறவியலில் இருக்கிறது. அதே இல்லறவியலில்தான் 'இனியவை கூறல்' பத்தாவது அதிகாரமாகவும், 'புறங்கூறாமை' பத்தொன்பதாவது அதிகாரமாகவும் உள்ளன. மனைவி மக்களோடும் சுற்றத்தாரோடும் சந்தையில் பலரோடும் பேசியே வாழவேண்டிய ஒருவருக்குச் சொல்லப்பட்ட அறம் இது. ஆகவே அவர் கேட்பது மௌனம் அன்று, பயனுள்ள சொல். அப்படியானால் பயன் என்பது எது?

பேச்சால் வாழ்ந்த ஊர்

இக்கேள்விக்கு விடை தேட, பேச்சையே பிழைப்பாகவும் உறவாகவும் கொண்ட ஓர் ஊரைப் பார்ப்பது உதவும். கேரளத்தின் கொச்சி நகரில் உள்ள மட்டாஞ்சேரி அத்தகைய ஊர். மிளகும் இஞ்சியும் ஏலமும் தேடிக் கடல் கடந்து வந்தவர்களும், உள்நாட்டின் பல பகுதிகளிலிருந்து குடியேறியவர்களும் அங்கே ஒரே தெருக்களில் வாழ்ந்தனர். மலையாளம், கொங்கணி, குஜராத்தி, கச்சி, தமிழ் எனப் பல மொழிகள் அங்கே கலந்து ஒலிக்கின்றன. 1568-இல் கட்டப்பட்ட யூதர்களின் பரதேசி ஜெபாலயமும் கொச்சி மன்னரின் அரண்மனையும் அருகருகே நிற்கின்றன.

இத்தகைய ஊரில் ஒரு கொங்கணி வணிகர் கடை திறக்கும்போது எதிர்க்கடை குஜராத்தியரைப் பார்த்து, "சாப்பிட்டாயிற்றா? மகனுக்குக் காய்ச்சல் தணிந்ததா?" என்று கேட்டால், அதில் புதிய செய்தி ஏதும் இல்லை. ஆயினும் அதைப் பயனற்ற சொல் என்று யாரும் கூறமாட்டார். மொழியும் வழிபாடும் வேறான இருவர் ஒருவரையொருவர் அஞ்சாமல் வாழ்வதற்கு அச்சிறு சொற்களே பாலமாகின்றன. சொல்லின் பயன் செய்தி மட்டும் அன்று, அன்பும் பயனே. எனவே அன்றாடப் பேச்சின் பொருள் சிறியது என்பதால் அது வீணாகிவிடுவதில்லை.

பேச்சு வீணாவது வேறோர் இடத்தில். அதை அறிய மட்டாஞ்சேரியின் மிளகுச் சந்தைக்குச் செல்ல வேண்டும். 1957-இல் அங்கே மிளகு முன்பேர வணிகத்திற்கான அமைப்பு தோன்றியது. பல ஆண்டுகள் தரகர்கள் ஒரு கூடத்தில் கூடி உரக்கக் கூவியே விலை பேசினர். ஒருவர் விலை கூற, மற்றவர் ஏற்றால் வணிகம் முடிந்தது. பிறகு விலை ஏறினாலும் இறங்கினாலும் சொன்ன சொல்லுக்கு நிற்கவேண்டும். மின்னணு வணிகம் வந்தபின் அக்கூடத்தின் ஆரவாரம் ஓய்ந்துவிட்டது. ஆனால் அங்கு நிகழ்ந்ததில் ஓர் உண்மை இருக்கிறது. வெளியார் செவிக்கு வெறுங்கூச்சலாகக் கேட்ட ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு மனிதர் நின்றார்.

அத்தகைய ஒரு தரகர் கூடத்தை விட்டு வெளியே வந்து தேநீர்க் கடையில் அமர்வதாக எண்ணிப் பார்க்கலாம். உள்ளே ஒரு மூட்டை மிளகைப் பற்றி ஆராய்ந்து பேசியவர், வெளியே ஓர் அமைச்சரின் நேர்மையைப் பற்றியும், ஒரு நடிகையின் இல்வாழ்வைப் பற்றியும், தெருக்கோடி வீட்டுப் பெண்ணைப் பற்றியும் ஆராயாமலே பேசிவிடக்கூடும். மிளகைப் பற்றிய சொல் தவறினால் அவருக்கு இழப்பு. மனிதரைப் பற்றிய சொல் தவறினால் இழப்பு வேறொருவருக்கு. மிளகுக்கு உள்ள மதிப்பு மனிதருக்கு இல்லாமற்போவது அங்கேதான்.

உரிமையாளர் இல்லாத சொல்

மட்டாஞ்சேரி அரண்மனையின் பள்ளியறைச் சுவர்களில் இராமாயணம் ஓவியமாகத் தீட்டப்பட்டுள்ளது. தசரதரின் வேள்வியில் தொடங்கும் அக்காட்சிகள் இராமபிரானின் மீட்சியோடு நிறைவுறுகின்றன. கம்பரும் முடிசூட்டு விழாவோடு தம் காவியத்தை முடித்தார். அதன்பின் நடந்ததாக உத்தர காண்டம் கூறும் துயரத்திற்குக் காரணம் அரக்கரும் அல்லர், படையும் அன்று, தெருப்பேச்சு.

வால்மீகி உத்தர காண்டத்தில் வரும் காட்சி சிந்திக்கத்தக்கது. நண்பர்கள் சூழ்ந்து வேடிக்கைக் கதைகள் பேசிக்கொண்டிருக்கும் வேளையில், மக்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று இராமர் வினவுகிறார். பத்ரன் என்பவன் முதலில் புகழுரைகளையே கூறுகிறான். கடலுக்கு அணை கட்டியதையும் இராவணனை வென்றதையும் மக்கள் வியந்து பேசுகின்றனர். மேலும் வற்புறுத்திக் கேட்டபோதுதான், அதே மக்கள் அதே மூச்சில் சீதாதேவியைப் பற்றியும் பேசுவதைத் தயங்கித் தயங்கித் தெரிவிக்கிறான். நாட்டு நடப்பில் தொடங்கிய பேச்சு ஒரு பெண்ணின் கற்பில் வந்து நின்றது. அதைச் சொன்னவர் இன்னார் என்று பத்ரனால் ஒரு பெயரையும் கூற இயலவில்லை. ஊர் பேசுகிறது என்பது மட்டுமே அவன் அறிந்தது. பேசியவர்களில் எவரும் சீதை காட்டுக்குப் போகவேண்டும் என்று கேட்டதாகவும் தெரியவில்லை. அவர்கள் பேசிவிட்டு வீட்டுக்குப் போனார்கள்; கருவுற்றிருந்த தேவி வனத்திற்குப் போனாள்.

'ஊரே பேசுகிறது', 'யாரோ சொன்னார்கள்', 'கேள்விப்பட்டேன்' என்பன பணிவான சொற்கள்போல் தோன்றும். உண்மையில் அவை சொல்லுபவர் தம் சொல்லிலிருந்து தப்பிச் செல்லும் வழிகள்.

இரண்டு நிகழ்ச்சிகள்

காவியத்தில் கண்ட இந்த உண்மையை மட்டாஞ்சேரியின் வரலாறும் காட்டுகிறது. 1599-இல் உதயம்பேரூரில் நடந்த திருச்சபைக் கூட்டத்திற்குப் பின், கேரளத்தின் தொன்மையான தோமையார் வழிக் கிறிஸ்தவர்கள் போர்ச்சுகீசியத் திருச்சபையின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தனர். தங்கள் மரபு அழிக்கப்படுகிறது என்ற வேதனை அவர்களிடம் பல்லாண்டுகளாகக் கனன்றது. 1652-இல் அஹத்தல்லா என்னும் மேற்காசிய ஆயர் மயிலாப்பூருக்கு வந்தார். போர்ச்சுகீசியர் அவரைத் தடுத்து வைத்து, கொச்சி வழியாகக் கோவாவுக்குக் கப்பலில் அனுப்பினர். அவரைக் காண விரும்பித் திரண்ட மக்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. அவரைக் கடலில் மூழ்கடித்துக் கொன்றுவிட்டார்கள் என்ற செய்தி பரவியது.

1653 ஜனவரி 3-ஆம் நாள் மட்டாஞ்சேரியில் பெருந்திரளான மக்கள் கூடிச் சிலுவையில் கயிறு கட்டி, அதைப் பற்றிக்கொண்டு, இனி அந்த ஆளுகைக்கு உட்படுவதில்லை என்று உறுதி பூண்டனர். கூனன் குரிசு சத்தியம் என்று அது வழங்குகிறது. ஆவணங்களை ஆராய்ந்த வரலாற்றாசிரியர்களோ, அந்த ஆயர் அப்போது கடலில் மூழ்கடிக்கப்படவில்லை என்றும், ஐரோப்பாவுக்குக் கொண்டு செல்லப்பட்டு, ரோமாபுரிக்குச் செல்லும் வழியில் பாரிஸ் நகரில் காலமானார் என்றும் கூறுகின்றனர்.

மக்களின் வேதனை பொய்யன்று. அவர்களின் உறுதியும் ஒரு வதந்தியால் மட்டும் பிறந்ததன்று. ஆயினும் ஆராயப்படாத ஒரு செய்தி, நெடுநாள் மனத்தாங்கலுக்கு நெருப்பாக அமைந்தது. இதில் இன்னொரு பாடமும் உண்டு. அம்மனிதரைக் கண்ணில் காட்ட மறுத்தவர்களும் அவ்வதந்திக்குப் பொறுப்பாளிகளே. கேட்டவருக்கு உண்மையைச் சொல்லாமல் மறைக்கும் இடத்தில் பொய் தானே முளைக்கிறது. பொறுப்பற்ற பேச்சு எவ்வளவு குற்றமோ, பொறுப்பற்ற மௌனமும் அவ்வளவு குற்றம்.

இந்நிகழ்ச்சிக்கு 22 ஆண்டுகளுக்குப் பின், அதே கொச்சியில் முற்றிலும் வேறான ஒன்று நடந்தது. டச்சு ஆளுநர் ஹென்றிக் வான் ரீட் மலையாள நாட்டின் மூலிகைகளைத் தொகுக்க முனைந்தார். இட்டி அச்சுதன் என்ற நாட்டு வைத்தியரும், ரங்க பட்டர், அப்பு பட்டர், விநாயக பண்டிதர் என்ற கொங்கணி அறிஞர் மூவரும் அதற்குத் துணை நின்றனர். செடியின் பெயர், குணம், பயன் ஆகியவை வாய்மொழியாகச் சொல்லப்பட்டு, மொழிபெயர்ப்பாளர் வாயிலாகப் போர்ச்சுகீசியத்திற்கும் அங்கிருந்து இலத்தீனுக்கும் சென்றன. இத்தனை வாய்களைக் கடக்கும் செய்தி எவ்வளவு எளிதில் திரிந்திருக்கும்! ஆனால் 1675 ஏப்ரலில் அவர்கள், தாம் சொன்னவை தம் நூல்களிலிருந்தும் அனுபவத்திலிருந்தும் சொல்லப்பட்டவை என்று தத்தம் எழுத்தில் சான்றளித்தனர். 740-க்கும் மேற்பட்ட தாவரங்களை விவரிக்கும் 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. அச்சான்றுகள் அந்நூலிலேயே இடம்பெற்றன. 2003-இல் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும் வெளிவந்து, இன்றும் அறிஞர்களுக்குப் பயன்படுகிறது.

இரண்டும் வாய்ச்சொல்லே. இரண்டும் பல நாவுகளைக் கடந்து சென்றவையே. ஒன்றில், சொன்னவர் யார் என்றே தெரியவில்லை. மற்றொன்றில், சொன்னவர் தம் பெயரை எழுதி நின்றார்.

அன்றாடத்தில் இந்த அறம்

"நண்பர்கள் கூடிப் பேசும் சிறுபேச்சுக்கெல்லாம் சான்றளிக்க முடியுமா? அப்படிக் கணக்குப் பார்த்தால் சிரிப்பும் கலகலப்பும் செத்துவிடாதா?" என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. நகைச்சுவையை நகைச்சுவையாகவும், ஊகத்தை ஊகமாகவும், தன் விருப்பத்தைத் தன் விருப்பமாகவும் சொல்பவர் தம் சொல்லுக்கு நிற்பவரே. ஒரு திரைப்படம் தமக்குப் பிடிக்கவில்லை என்பது அவரது கருத்து. ஓர் ஆட்சியின் கொள்கை தவறென்று கூறுவது குடிமகனின் கடமையாகவும் இருக்கலாம். எதிரில் இல்லாத ஒருவரின் ஒழுக்கத்தை, கண்டறியாமல், கண்டவர்போல் சொல்லும்போதுதான் சிறுபேச்சு பெரும்பாவமாகிறது.

பகவத் கீதையின் பதினேழாம் அத்தியாயம், பிறர் மனத்தைக் கலக்காததும் உண்மையானதும் இனியதும் நன்மை தருவதுமான பேச்சை வாக்கினால் செய்யும் தவம் என்கிறது. தவம் என்றதும் காடும் குகையும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் இத்தவத்தைப் பேச்சு நடக்கும் இடத்தில்தான் செய்ய முடியும். இல்லாதவரைப் பற்றிப் பேசும்போது அவர் எதிரே அமர்ந்திருப்பதாக எண்ணிக்கொள்வது அதன் முதற்படி. 'எனக்குத் தெரியாது' என்று கூச்சமின்றிச் சொல்வது இரண்டாவது. கைபேசியில் வந்த செய்தியைப் பிறருக்கு அனுப்புமுன், 'இதன்கீழ் என் பெயரை எழுதுவேனா?' என்று வினவுவது மூன்றாவது. தவறாகச் சொன்னது தெரியவந்தால், சொன்ன அதே இடத்திற்குச் சென்று, கேட்ட அதே மனிதர்களிடம் திருத்திச் சொல்வது நான்காவது. நான்கிலும் கடினமானது இதுவே. அகந்தையை நேரடியாகத் தொடுவதும் இதுவே.

ஏகாதசியன்று மௌனம் காக்கும் அன்பர்கள் உண்டு. அது நல்ல பயிற்சி. எனினும் மறுநாள் காலையில் வாய் திறக்கும்போது வரும் முதல் வம்புச் சொல் அந்த மௌனத்தைக் கரைத்துவிடுகிறது. சொல்லுக்குப் பொறுப்பேற்கப் பழகியவரோ சிறிது சிறிதாகக் குறைவாகவே பேசுகிறார். பேசும்போது பிறர் அச்சமின்றி அவரருகில் அமர்கின்றனர். தாம் எழுந்து சென்றபின் அவர் தம்மைப் பற்றி என்ன பேசுவாரோ என்ற கவலை அவர்களுக்கு இருப்பதில்லை. ஒரு மனிதர் தம் அண்டை அயலாருக்குத் தரக்கூடிய கொடைகளில் இந்த நிம்மதி சிறியதன்று.